வருசப்பிறப்பு எத்தனை மணிக்கு? வன்னி வீடுகளின் சித்திரைச் சடங்குகளும் அவற்றின் நேரமும்

வன்னியில் சித்திரை வருசப்பிறப்பு வந்து சேருவது இரண்டு போகங்களுக்கு இடையில். காலபோக நெல்லை மாசி, பங்குனியில் வெட்டி, காயவிட்டு, மூட்டை கட்டியாயிற்று. உரக்கடைக் கடனும் வெட்டுக்கூலியும் போக மிஞ்சியது வீட்டில் கிடக்கிறது. இரணைமடுவிலும் வவுனிக்குளத்திலும் முத்தையன்கட்டிலும் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் திறப்பார்கள் என்ற பேச்சு சந்திக்குச் சந்தி நடக்கிறது. வீட்டில் நெல், கையில் கொஞ்சக் காசு, வயலில் வேலையில்லாத சில நாட்கள்: மூன்றும் கூடி வருகிற காலம் ஆண்டில் இது ஒன்றுதான்.

அதனால் இந்த நாளின் சடங்குகள் பெரும்பாலும் 'முதல்' சடங்குகள். முதல் முழுக்கு, முதல் அடுப்பு, முதல் காசு, முதல் உழவு, முதல் பயணம். இவை ஒவ்வொன்றும் எப்போது நடக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது சூரியன் மேட ராசிக்குள் நுழையும் நேரம். அந்த நேரத்தை வாசித்து, நாளை அதற்கேற்ப அடுக்கத் தெரிந்த வீட்டில் மற்றவை ஒழுங்காக நடக்கும். தெரியாத வீட்டில் பொங்கல் பானை அடுப்பில் கொதிக்க, தலையில் வைத்து முழுகும் மருத்துநீர் தேடிக் கோயிலுக்கு ஆள் ஓடும்.

சூரியன் ஒரு சுற்று முடித்து அதே இடத்துக்கு வர 365 நாளும் ஏறத்தாழ 6 மணி 12 நிமிடமும் ஆகும் என்பது பஞ்சாங்கக் கணக்கு. ஆகவே வருசம் பிறக்கும் நேரம் ஆண்டுக்காண்டு கால் நாள் பின்தள்ளிப் போகிறது. குரோதி (2024) முன்னிரவில் பிறந்தது. விசுவாவசு (2025) பின்னிரவில் பிறந்தது. பராபவ (2026) காலையில், பிலவங்க (2027) பிற்பகலில். நாலு ஆண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ அதே நேரத்துக்கு, 50 நிமிடமளவு பிந்தி, திரும்பி வரும். பழைய பஞ்சாங்கங்களை அடுக்கி வைத்திருக்கும் வீடுகளில் நாலு ஆண்டுக்கு முந்தியதை எடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான். போன வருசம் செய்த ஒழுங்கு இந்த வருசத்துக்குப் பொருந்தாது. நாலாம் வருசத்து ஒழுங்கு பொருந்தும்.

பிறப்பு நேரத்துக்கு முன் 10 நாழிகையும் பின் 10 நாழிகையும் விஷு புண்ணியகாலம். நாழிகை 24 நிமிடம். ஆக முன்னே 4 மணித்தியாலம், பின்னே 4 மணித்தியாலம். மருத்துநீர் வைத்து முழுகுவது இந்த எட்டு மணித்தியாலத்துக்குள் நடக்கவேண்டும். அதிகாலை 2.30 க்குப் பிறக்கிறது என்று வைத்துக்கொண்டால் முதல் நாள் இரவு 10.30 தொடங்கி விடியற்காலை 6.30 வரை நேரம் இருக்கிறது. குடும்பத்துக்கு இதுதான் இலகு: ஏப்ரல் 13 ஆம் திகதி பின்னேரம் கோயிலில் மருத்துநீர் வாங்கிவந்து, விடிய நாலு, ஐந்து மணிக்கு எல்லோரும் முழுகி, சூரியன் எழும்பப் பொங்கலாம். காலை 9 மணியளவில் பிறந்தால் புண்ணியகாலம் 5 மணியிலிருந்து இருக்கும். விடியவே முழுகலாம், ஆனால் பொங்கலுக்குப் பிறப்பு நேரம் கடக்கும்வரை காத்திருக்கவேண்டும். அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அவசரப்பட்டு அடுப்பு மூட்டிவிடுவது இந்த வகை வருசத்தில் நடக்கும் வழமையான பிழை.

முன்னிரவுப் பிறப்பில் முழுக்கு இருட்டும் பொழுதில் விழும். கிழவர்களும் கைக்குழந்தைகளும் ஈரத்தலையோடு படுக்கப் போகவேண்டாம்; புண்ணியகாலம் தொடங்கும் பின்னேர வெயிலிலேயே அவர்களை முதலில் முழுகவைப்பது நல்லது. பிற்பகல் பிறப்புத்தான் எல்லாவற்றிலும் சிக்கல். முழுக்கு நண்பகலில், பொங்கல் பின்னேரத்தில். ஏப்ரல் பிற்பகல்களில் வன்னியில் இடி மின்னலோடு மழை இறங்குவது வழமை. முற்றத்தில் பொங்குவதானால் பக்கத்தில் ஒரு கொட்டில் ஆயத்தமாக இருக்கவேண்டும், அல்லது பொங்கலை அடுத்தநாள் காலைக்கு வைத்துக்கொள்ளவேண்டும். பல வீடுகள் இரண்டாவதைத்தான் செய்கின்றன, அதில் குற்றம் எதுவும் இல்லை.

நேரத்தில் குழப்பம் வருவதற்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சொல்லும் நேரங்கள் வேறுபடுவது. வித்தியாசம் பொதுவாக ஒரு மணித்தியாலத்துக்கு உள்ளே. இரண்டு புண்ணியகாலங்களும் பொருந்தும் இடைப்பட்ட நேரத்தில் முழுகிவிட்டால் வழக்கே இல்லை. ஆனால் மூத்தவர் முதல் காசு கொடுக்கும் கைவிசேட நேரத்தை ஒன்றிலும் முழுக்கு நேரத்தை மற்றதிலும் பார்ப்பது கூடாது. ஊர்க் கோயில் எதைப் பின்பற்றுகிறதோ அதையே வீட்டுக்கும் வைத்துக்கொள்வது வசதி, ஏனென்றால் மருத்துநீர் அங்கிருந்துதான் வருகிறது. மற்றது, தொலைக்காட்சி. சிங்களவரின் முறையில் புண்ணியகாலம் பிறப்புக்கு முன் 6 மணி 24 நிமிடம், பின் 6 மணி 24 நிமிடம். மொத்தம் 12 மணி 48 நிமிடம். அதன் முதற்பாதியில், வருசம் பிறக்கும்வரை, அவர்கள் அடுப்பு மூட்டமாட்டார்கள், சாப்பிடமாட்டார்கள், வேலை செய்யமாட்டார்கள். பிறந்தபின் குறித்த சுபநேரத்தில் அடுப்பு மூட்டுவார்கள். தேசிய அலைவரிசைகளில் ஓடும் நேரப்பட்டியல் அவர்களுடையது. வவுனியாப் பக்கத்தில் இரு சமூகமும் அருகருகே இருக்கும் ஊர்களில் இந்த இரண்டு பட்டியலும் ஒன்றோடொன்று கலந்து, முழுகவேண்டிய நேரத்தில் பட்டினி கிடப்பவர்களும் உண்டு.

மருத்துநீருக்கு வருவோம். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, விஷ்ணுகிராந்தி, சீதேவியார் செங்கழுநீர், வில்வம், அறுகு, பீர்க்கு, பால், கோசலம் (பசுவின் சிறுநீர்), கோமயம் (சாணம்), கோரோசனை (மாட்டின் பித்தக்கல்), மஞ்சள், மிளகு, திப்பிலி, சுக்கு. இவற்றைச் சுத்தமான நீரில் இட்டுக் காய்ச்சுவது முறை. நகரத்தில் இவற்றில் பாதியைக் கடையில் வாங்கவேண்டும். வன்னியில் நிலைமை வேறு. தாமரைக்குக் குளம் இருக்கிறது, தாழைக்கு ஆற்றங்கரை இருக்கிறது, கோசலத்துக்குப் பட்டி இருக்கிறது, அறுகு வரம்பில் கிடக்கிறது. கடைக்குப் போகவேண்டியது கோரோசனைக்கும் திப்பிலிக்கும்தான். கோரோசனை விலைகூடியது, போலியும் நிறைய வரும். ஒரு சிட்டிகைக்கு மேல் தேவையும் இல்லை.

கோயிலில் ஐயர் காய்ச்சித் தருவதே பெரும்பாலான ஊர்களில் வழக்கம். கோயில் எட்ட இருந்தால் வீட்டிலும் காய்ச்சலாம். ஐந்தாறு பேருக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் போதும். முதலில் தட்டிய சுக்கு, மிளகு, திப்பிலியை, மஞ்சளோடு போட்டுக் கொதிக்கவிடுங்கள். இவற்றின் சாரம் இறங்க நேரம் எடுக்கும். கால்வாசி வற்றியதும் இலைகளும் அறுகும். பூக்களைக் கடைசியில் போட்டு இறக்கி மூடவேண்டும். தொடக்கத்திலேயே போட்டால் மணம் ஆவியோடு போய்விடும். பாலும் கோசலமும் கோமயமும் கோரோசனையும் ஆறியபின் சில துளி, ஒரு சிட்டிகை என்ற அளவில். பாலைக் கொதிக்கும் நீரில் கூடுதலாக விட்டால் திரைந்து மேலே கட்டியாக மிதக்கும், தலையில் வைத்தால் மயிரில் ஒட்டும். பிறகு ஒரு வெள்ளைத் துணியில் வடிக்கவேண்டும். இந்த வடிப்பைத் தவிர்த்தவர்களின் கண்ணுக்குள்தான் மிளகுத்தூள் போகிறது.

பாலும் பூச்சாறும் கலந்த நீர் ஒரு நாளுக்குமேல் தாங்காது. சித்திரை வெக்கையில் மூடிய பிளாத்திக்குப் போத்தலில் வைத்தால் மறுநாள் புளித்த மணம் அடிக்கும். கோயிலுக்குச் செம்போடு போவது நல்லது. சோடாப் போத்தல் கொண்டுபோனால் அதன் மணம் நீரில் ஏறும். கோமயம் சேர்ந்தது என்பதால் இது குடிப்பதற்கல்ல. குழந்தைகளுக்குத் தீர்த்தம்போல வாயில் விடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

வைக்கும் முறை எளிது. கிழக்குப் பார்த்து நிற்பவரின் தலையில் ஓர் இலை, காலடியில் ஓர் இலை. எந்த இலை என்பது ஆண்டுக்காண்டு பஞ்சாங்கத்தில் மாறும்: வேம்பு, கொன்றை, ஆல், இலவம், புங்கு, விளா என்று வரும். ஏப்ரலில் கொன்றை பூத்திருக்கும், காட்டோரத்தில் தேடத் தேவையில்லை. இலவமோ கடம்போ வந்த வருசத்தில் முதல் நாளே ஆள் அனுப்பி முறித்து வைக்கவேண்டும். வீட்டில் மூத்தவர், அம்மம்மாவோ அப்பப்பாவோ, மருத்துநீரைக் கையில் எடுத்து உச்சியில் தேய்ப்பார். ஆளுக்கு ஒரு சிறங்கை (உள்ளங்கை) அளவு காணும். கண்ணை மூடிக்கொண்டால் எரியாது. கைக்குழந்தைக்கு உச்சியில் ஒரு சொட்டு மட்டும். பிறகு கிணற்றடியில் முழுகவேண்டும். தேய்த்ததோடு விட்டுவிட்டு உடுப்பு மாற்றினால் புதுச்சட்டையில் மஞ்சள் பிடிக்கும், அந்தக் கறை போகாது.

பஞ்சாங்கத்தில் சங்கிரம தோஷ நட்சத்திரங்கள் என்று ஒரு வரி இருக்கும். அந்த நட்சத்திரத்தில் பிறந்தவர்கள் மருத்துநீர் வைக்கத் தவறக்கூடாது, இயன்ற தானமும் செய்யவேண்டும் என்பது விதி. வன்னியில் தானம் பெரும்பாலும் நெல்லாக அல்லது அரிசியாகவே போகிறது. உடுப்பின் நிறமும் அதே பக்கத்தில் இருக்கும். அதைப் பார்ப்பதற்குள் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ சட்டை வாங்கி முடிந்துவிடுகிறது என்பதே எல்லா வீட்டு முறைப்பாடும். கரையிலோ ஒரு கைக்குட்டையிலோ அந்த நிறம் இருந்தால் போதும் என்று பெரியவர்கள் எப்போதோ சமாதானம் கண்டுவிட்டார்கள்.

முற்றத்துக்கு இரண்டு நாள் வேலை. முதல் நாள் கூட்டிச் செருக்கி, மேடுபள்ளம் தட்டி, மறுநாள் சாணம் கரைத்து மெழுகவேண்டும். ஒரே நாளில் இரண்டையும் செய்தால் மெழுகு காயாமல் கோலமாவு ஈரத்தில் கரையும். நிறைகுடத்துக்குத் தலைவாழை இலை, அதன்மேல் புதுநெல் பரவி, நீர் நிரப்பிய குடம், ஐந்து மாவிலை, குடுமியோடு தேங்காய், இரு பக்கமும் குத்துவிளக்கு. தேங்காயைக் குடத்தின் வாயில் வைத்துப் பார்த்தபின் மஞ்சள் பூசுங்கள். சிறியது உள்ளே விழும், பெரியது மாவிலையை நசிக்கும். சில வீடுகளில் இதோடு கண்ணாடி, பொன், பழம், பூ வைத்த தட்டையும் கண்விழித்ததும் பார்க்கிறார்கள். எல்லா ஊரிலும் இல்லை.

பொங்கலில் கைதவறுவதற்கு இடம் கூட. புதுமண்பானை என்றால் முதல் நாள் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவேண்டும், பிறகு அரிசி களைந்த நீரைக் கொதிக்கவைத்து ஊற்றவேண்டும். கடையால் வந்த பானையை நேரே பாலைமர விறகு நெருப்பில் ஏற்றினால் அடியில் வெடிக்கும். முதல் பத்து நிமிடம் தென்னம்பாளையும் பனை ஊமலும் எரியும் சிறு நெருப்பு, பிறகுதான் விறகு. ஆறேழு பேருக்கு இரண்டு சுண்டு (சிறு அளவுக் கோப்பை) சிவப்புப் பச்சையரிசி, அரைச் சுண்டு வறுத்துக் கோதுடைத்த பயறு, ஒரு பெரிய தேங்காய், 350 முதல் 400 கிராம் சர்க்கரை, ஏலக்காய், முந்திரிப் பருப்பு, திராட்சை வத்தல். கட்டித் தேங்காய்ப்பாலை வேறாக எடுத்து வையுங்கள். இரண்டாம், மூன்றாம் பாலும் தண்ணீருமாகப் பானையில் ஒன்பது, பத்துச் சுண்டு இருக்கவேண்டும். பானை பெரிதாகி நீர் பாதியில் நின்றால் எத்தனை விறகு வைத்தாலும் பொங்கி வழியாது. முக்காலுக்குமேல் நிற்கிற அளவான பானையை எடுங்கள்.

பால் பொங்கி வழிந்ததும் வீட்டுத் தலைவர் இரு கையாலும் அரிசியை எடுத்து மூன்று தரம் பானையைச் சுற்றி இடுவார். அதற்குமுன் இரண்டு அகப்பை கொதிநீரை வேறு சட்டிக்கு வார்த்து வைத்தால் அரிசி போட்டதும் அடுப்பு அணையாது, இறுகும்போது திருப்பி ஊற்றவும் உதவும். சர்க்கரையை அரிசி முழுக்க அவிந்தபின் போடவேண்டும். முன்னே போட்டால் அரிசி அந்த இடத்திலேயே நின்றுவிடும், அதன்பின் ஒரு மணித்தியாலம் எரித்தாலும் நறுக்கென்றுதான் கடிபடும். கட்டிப்பால் கடைசியில், நீண்ட நேரம் கொதித்தால் திரைந்து எண்ணெய் பிரியும். கிழக்கே வழிந்தால் நல்லது என்பார்கள். அடுப்புக்கல் மூன்றில் மேற்குக் கல்லை ஒரு விரலளவு உயர்த்தி வைப்பது ஊரறிந்த இரகசியம்.

பலகாரம் ஒரு கிழமைக்கு முன்பே தொடங்கிவிடும். பயத்தம் பணியாரத்துக்குத் தேங்காய்ப்பூவைப் பொன்னிறமாக, ஈரம் போகும்வரை வறுத்தால்தான் வருசப்பிறப்புவரை தாங்கும். அரைகுறையாக வறுத்தது மூன்றாம் நாள் காறும். அரியதரத்தில் சங்கதி எதிர்ப்பக்கம்: ஊறவைத்து இடித்த மா ஈரமாகவே இருக்கவேண்டும். காய்ந்த மாவில் தட்டினால் எண்ணெய்க்குள் கலைந்துபோகும், ஈரம் கூடினால் எண்ணெயைக் குடிக்கும். சமையல் அன்றைக்கு மரக்கறி. மச்சம் அடுத்த நாள்.

கைவிசேடத்துக்குப் பஞ்சாங்கம் அன்றும் அடுத்த நாட்களிலும் சில சுபநேரங்களைத் தரும். ஒன்றைத் தவறவிட்டால் மற்றது இருக்கிறது, அவதிப்படத் தேவையில்லை. வெற்றிலை, பாக்கு, ஒரு பிடி நெல், பூ, காசு: இவ்வளவையும் மூத்தவர் கொடுக்க, இளையவர் காலில் விழுந்து இரு கையாலும் வாங்கவேண்டும். நெல்லை விட்டுவிட்டுப் புதுத்தாளை மட்டும் நீட்டும் பழக்கம் பரவுகிறது. விதைக்கிற வீட்டில் அது பொருந்தாத சுருக்கம் என்றே சொல்லவேண்டும். வயல்காரர் வேலையாட்களுக்கும், கடைக்காரர் முதல் வந்த வாடிக்கையாளருக்கும் கொடுப்பார்கள். வாங்கிய காசை அன்றே செலவழிக்காமல் அரிசிப் பானைக்குள்ளோ பணப்பைக்குள்ளோ வைப்பார்கள். புதுத்தாள் வேண்டுமென்றால் வங்கிக்கு ஒரு கிழமைக்கு முன் போகவேண்டும். 12 ஆம் திகதி போனால் கசங்கியதுதான் மிஞ்சும்.

செத்த வீட்டுக்கு அந்த ஆண்டு வருசப்பிறப்பு இல்லை. ஆட்டைத் திவசம் (முதலாண்டு நினைவுச் சடங்கு) முடியும்வரை பலகாரம் சுடுவதில்லை, பொங்குவதில்லை. அயலட்டைதான் பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்கும். துடக்கு (தீட்டு) வீட்டுக்காரர் கோயிலுக்குப் போகாததால் மருத்துநீரைப் பக்கத்து வீட்டார் வாங்கிக் கொடுப்பார்கள். இந்த விதி இறந்த நாள் தெரியும் என்ற அடிப்படையில் நிற்கிறது. போர் முடிந்த 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் அந்தத் திகதி இல்லை. திவசம் செய்தால் இறந்தார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் செய்யாத தாய்மார் பலர். அதனால் கொண்டாடாத வருசமும் அங்கே முடிவதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் பேரப்பிள்ளைகளுக்காகப் பொங்குவார்கள், புதுச்சட்டை எடுப்பார்கள், மூத்தவர் மட்டும் பழையதை உடுத்தியிருப்பார். எந்தப் பஞ்சாங்கத்திலும் இதற்கு வழி எழுதப்படவில்லை. போகிறவர்கள் பலகாரத்தோடு போய், கேள்வி கேட்காமல் இருந்துவிட்டு வருவதே முறையாகிவிட்டது.

பின்னேரங்களில் ஊஞ்சல், கிளித்தட்டு, முட்டி உடைத்தல், போர்த்தேங்காய், பெரிய ஊர்களில் மாட்டுவண்டிச் சவாரி. ஊஞ்சல் கட்டப் புளியங்கொப்பு உறுதி; கயிறு கொப்பில் உராயும் இடத்தில் சாக்கு சுற்றாவிட்டால் இரண்டாம் நாளே அறுந்துவிடும்.

ஏர்மங்கலத்துக்கும் பஞ்சாங்கத்தில் நேரம் உண்டு. மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் பூசி, கிழக்கு நோக்கி மூன்று சால் உழுது, ஒரு பிடி நெல்லோ பயறோ தூவினால் முடிந்தது. இப்போது மாட்டுக்குப் பதில் லாண்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு இயந்திரம். அதற்கும் சந்தனம், குங்குமம், சில்லுக்கடியில் தேசிக்காய். அறுவடைக்குப் பின் வெயிலில் கிடந்த களிமண் வயல் பாறைபோல இறுகியிருக்கும். அந்த நிலத்தில் அப்படியே இறக்கினால் கலப்பைக் கொழு வளையும். முதல் நாள் பின்னேரம் ஒரு துண்டு நிலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வாளி தண்ணீர் ஊற்றி வைத்தால் போதும், அல்லது கிணற்றடி வாழைத்தோட்டத்தில் செய்யலாம்.

குளத்தின்கீழ் வயல் உள்ளவர்களுக்கு இந்த மூன்று சால் அடையாளத்தோடு நிற்கும். உண்மையான உழவு, மாவட்டச் செயலாளர் தலைமையில் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதி தீர்மானமான பிறகு. பங்கு கிடைக்காதவர் ஏர்மங்கலத்தோடு கலப்பையைக் கழுவிக் கொட்டிலில் சாத்திவிடுவார். மானாவாரி மேட்டுக்காணிக்காரருக்கு மட்டும் வேலை அன்றே தொடங்கிவிடலாம்: சித்திரை மழை இரண்டு விழுந்து மண்ணில் ஈரம் இருந்தால், அந்த மூன்று சாலோடு நிறுத்தாமல் மிச்சத்தையும் உழுது எள்ளு விதைத்துவிடுகிறார்கள்.